7520யூவா, 5500யூவா? – கம்ப்யூட்டர் கேள்வி பதில்

கேள்வி: மகள் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். லேப்டாப் பார்க்கப் போன கடையில், ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு காட்டினார்கள். ஒன்றில் ரைசன் 5 5500யூ ப்ராசஸர், இன்னொன்றில் ரைசன் 5 7520யூ. இரண்டிலும் ரேம் 8 ஜிபி. "7520தான் புதுசு சார், நம்பரைப் பாருங்க" என்கிறார் கடைக்காரர். மகளுக்கு மொபைல் ஆப் உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ஓட வேண்டுமாம். எதை எடுக்கலாம்?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: 5500யூ எடுங்கள். மற்றதற்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால்கூட மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. 5500யூ வந்தது 2021 ஜனவரி, 7520யூ 2022 செப்டம்பர். ஆனால் இரண்டுக்குள்ளும் இருப்பது 2019-ல் வெளிவந்த அதே ஜென் 2 டிசைன் கோர்தான். கோர் என்பது ப்ராசஸருக்குள் வேலை செய்யும் பகுதி. அந்தக் கோர் 7520யூவில் 4, 5500யூவில் 6. த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலைகள்) கணக்கில் 8, 12. எல்3 கேச் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 4 எம்பி, 8 எம்பி. வயதில் இளையது என்பதற்காகப் பலத்திலும் கூடியது என்று ஆகிவிடாது.

7520யூவுக்கும் நல்ல பக்கம் உண்டு. அதன் உச்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ், 5500யூவில் 4.0. அதனால் ஒரே கோரில் நடக்கிற சின்ன வேலைகளில் 7520யூ கொஞ்சம் முந்தும். வேர்டு, பிரவுசர், ஆன்லைன் வகுப்பு என்று மட்டும் எழுதியிருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ அப்படியல்ல. எழுதிய ப்ராஜெக்டை ஓடக்கூடிய ஆப்பாக மாற்றும்போது (பில்டு) வேலையைப் பிரித்து, இருக்கிற எல்லா கோர்களுக்கும் கொடுக்கும். பக்கத்திலேயே எமுலேட்டர் (ஆப்பைச் சோதிக்கத் திரையில் ஓடும் போலி போன்) ஓடினால் அதுவும் பங்கு கேட்கும். அங்கே கூடுதலாக இருக்கிற இரண்டு கோர்தான் உங்கள் மகளின் காத்திருப்பைக் குறைக்கும்.

இதைவிட எனக்குக் கவலை ரேம் பற்றி. 7520யூ எடுப்பது எல்பிடிடிஆர்5 என்ற வகை ரேம் மட்டும். அது மதர்போர்டிலேயே சால்டர் செய்து வரும். 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் எமுலேட்டரும் சேர்ந்தால் 8 ஜிபி மூச்சுத் திணறும். 5500யூ லேப்டாப் பலவற்றில் ரேம் ஸ்லாட் இருக்கும். அடுத்த வருடம் கையில் காசு வரும்போது இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொள்ளலாம். சில மெலிந்த மாடல்களில் இதிலும் சால்டர் செய்துவிடுகிறார்கள். ஆகவே பணம் கட்டுவதற்கு முன், "காலி ஸ்லாட் இருக்கா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எண்ணைப் படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். 2023 மாடல்களிலிருந்து, ரைசன் தயாரிக்கும் ஏஎம்டி வைத்த நான்கு இலக்கத்தில் முதல் இலக்கம் மாடல் வருடத்தைக் குறிக்கும். 7 என்றால் 2023 மாடல், 7520யூ போலச் சில மாதம் முன்பே வெளிவந்தாலும். நாம் பார்க்க வேண்டியது மூன்றாம் இலக்கம். 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. கடையில் 7530யூ இருந்து, விலையும் கட்டுபடியானால் தயங்காமல் அதை எடுங்கள். 7520-க்கும் 7530-க்கும் பார்வைக்குப் பத்துதான் வித்தியாசம்; 7530-க்கு உள்ளே ஜென் 3, கோர் 6, எல்3 கேச் 16 எம்பி. 5500யூ பழைய முறையில் பெயரிட்டது, அதற்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

மதுரையில் நான் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யத் தொடங்கிய 2001-ல் எல்லோரும் மெகாஹெர்ட்ஸைப் பார்த்து வாங்கினார்கள். அந்த அக்டோபரில் ஏஎம்டியிடமிருந்து வந்த அத்லான் எக்ஸ்பி 1800+ ஓடியது 1.53 கிகாஹெர்ட்ஸில்தான். அதைவிட அதிக கிகாஹெர்ட்ஸ் எழுதியிருந்த இன்டெல் பென்டியம் 4 சிப்களுக்கு அது பல வேலைகளில் ஈடுகொடுத்தது. இதை ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறேன். சேர்த்து வைத்த பணத்தோடு வருகிற பெற்றோருக்கு ஒரு எண்ணை மட்டும் காட்டி அனுப்புவது எனக்கு அன்றும் பொறுக்கவில்லை, இன்றும் பொறுக்கவில்லை.

கேள்வி: கடையில் வைத்தே வேகத்தைச் சோதிக்க முடியுமா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: முடியும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ப்ராசஸரின் முழுப் பெயரும் கோர் எண்ணிக்கையும் தெரியும். கடைக்காரர் சம்மதித்தால் இலவசமாகக் கிடைக்கிற சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனை மென்பொருளை ஓட்டுங்கள். அது 10 நிமிடம் எல்லா கோர்களையும் வேலை வாங்கும். ஒரு சுற்றின் மதிப்பெண்ணைவிட 10 நிமிடம் கழித்து வரும் மதிப்பெண்ணை நம்புங்கள். ஒரே ப்ராசஸர், ஃபேன் சரியில்லாத லேப்டாப்பில் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

கேள்வி: இன்டெல் ப்ராசஸர் இரண்டு பார்த்தேன்: ஐ5-1135ஜி7, ஐ3-1215யூ. ஐ5தானே வேகம்? டேலி, எக்செல் வேலைதான்.
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: உங்களுக்கு ஐ3 போதும், அதுதான் வேகமும்கூட. ஐ5-1135ஜி7 பதினோராம் தலைமுறை, 4 கோர். ஐ3-1215யூ பன்னிரண்டாம் தலைமுறை, பெரிய கோர் 2, சிறிய கோர் 4. த்ரெட் இரண்டிலும் 8. கேம், வீடியோ எடிட்டிங் இருந்தால் அந்த ஐ5-இன் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் உதவும்; கணக்கு வேலைக்கு அது தேவைப்படாது. மிச்சமாகும் பணத்தில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, டேலி டேட்டாவை வாரம் ஒருமுறை பேக்கப் எடுத்து வையுங்கள்.