டிடிஎஸ் குறைந்தால் போதுமா?

கேள்வி: வீட்டு ஆர்.ஓ. மெஷினில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 900லிருந்து 70க்கு இறங்கிவிட்டது. இனி பயமில்லாமல் குடிக்கலாமா?

பதில்: அந்த எண்ணை மட்டும் நம்பிக் குடிக்காதீர்கள். டிடிஎஸ் மீட்டர், தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதிலிருந்து உப்பின் அளவைக் கணக்கிடுகிறது. கிருமியும் பூச்சிமருந்தும் அதற்குத் தெரியாது. ஆர்செனிக்குக்கு உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதைப்போல் பத்து மடங்கு இருந்தாலும் மீட்டரில் எண் அசையாது. கிணறு, போர்வெல் தண்ணீர் என்றால் ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக், கோலிஃபார்ம் (கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் பாக்டீரியா) நான்கையும் ஆய்வகத்தில் பார்த்தே ஆகவேண்டும்.

மெம்பிரேன், அதாவது உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வு, எப்படி இருக்கிறது என்பதை மட்டும் உங்கள் எண் சொல்கிறது. 900ல் 830 நீங்கியிருக்கிறது, சுமார் 92 சதவீதம்; நல்ல நிலைதான். மாதம் ஒருமுறை இப்படிக் கணக்குப் போடுங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே போனால், புது மெம்பிரேன் வாங்கும் முன் அதன் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வளையம் பிசகியிருந்தால் உப்புத்தண்ணீர் பக்கவாட்டில் நுழைந்துவிடும். காலையில் வரும் முதல் டம்ளரை அளக்க வேண்டாம். மெஷின் நின்றிருக்கும்போது அழுத்தம் இல்லாததால் உப்பு மெம்பிரேனைத் தாண்டி ஊறியிருக்கும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, மெம்பிரேனிலிருந்து வரும் குழாயிலேயே பிடித்து அளங்கள். சில மெஷின்களில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்றொரு திருகு உண்டு. அதைத் திறந்தால் மெம்பிரேன் வழியே போகாத தண்ணீர் கலக்கும். கரைந்துள்ள ஃபுளோரைடும் கூடவே வரும்.

கேள்வி: கார்பன் ஃபில்டரை இரண்டு வருடமாக மாற்றவில்லை. தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது. மாற்ற வேண்டுமா?

பதில்: உடனே மாற்றுங்கள். தண்ணீர் வருவதை வைத்துக் கார்பனை எடைபோட முடியாது. குளோரினைக் குளோரைடாக மாற்றிவிடுவதும், வாடையையும் பூச்சிமருந்தையும் தன் நுண்துளைகளில் ஒட்டவைத்துப் பிடிப்பதும் அதன் வேலை. அந்த இடம் நிறைந்ததும் எல்லாம் அப்படியே கடந்து போகும். தப்பிய குளோரின் பின்னாலிருக்கும் மெம்பிரேனை அரித்துவிடும். அந்தச் சேதத்தைச் சரிசெய்ய வழியில்லை. பழைய கார்பனில் பாக்டீரியாவும் பெருகும்.

கேள்வி: யூவி (புற ஊதா) விளக்கு எரிகிறது. அது போதாதா?

பதில்: எரிவது வேறு, கிருமியை அடக்குவது வேறு. சுமார் 9,000 மணி நேரத்தில், அதாவது ஒரு வருடம் விடாமல் எரிந்தால், ஒளி இருந்தும் வீரியம் போயிருக்கும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் மண் துகளின் நிழலில் கிருமி தப்பிவிடும். எனவே யூவிக்கு முன்னால் 5 மைக்ரான் ஃபில்டர் அவசியம். விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் உப்புப் படிந்திருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு வினிகர் தொட்ட துணியால் துடையுங்கள்.