வாசகர் கேள்வி–பதில்: பணி எண் வந்தது, கணிப்பு எங்கே?

கேள்வி: செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கரும்பு விளைச்சலைக் கணிக்கும் இயந்திரக் கற்றல் சேவை ஒன்றில், மொரிசியசின் எபேன் சைபர் சிட்டியில் பணிபுரிகிறேன். கணிப்பு முடியச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால், எங்கள் சேவை கோரிக்கையை வாங்கியவுடன் ஒரு பணி எண்ணை மட்டும் தரும். விடையைப் பிறகு கேட்டுப் பெற வேண்டும். நான் எழுதிய விளக்க ஆவணத்தை நிரலாளர்கள் சிரமமின்றிப் பயன்படுத்துகிறார்கள். அதையே, மொழி மாதிரியைக் கொண்டு தானே முடிவெடுத்து இயங்கும் ஏஐ ஏஜென்டுக்குக் கொடுத்தால், அது சில வேளை பணி எண்ணையே விளைச்சலாக எடுத்துக்கொள்கிறது; சில வேளை ஒரே வயலுக்குத் திரும்பத் திரும்பக் கோரிக்கை அனுப்புகிறது. ஆவணத்தில் எதை மாற்ற வேண்டும்?
– வாசகி, கத்ர் போர்ன்

பதில்: நிரலாளர் உங்கள் ஆவணத்தை ஒருமுறை படித்து, காத்திருந்து கேட்கும் வேலையைத் தம் நிரலுக்குள் எழுதி வைத்துவிடுகிறார். ஏஜென்டோ ஒவ்வொரு முறையும் கருவியின், அதாவது தான் அழைக்கக்கூடிய சேவைச் செயலின், விளக்கத்தைப் பார்த்து, அடுத்து என்ன செய்வதென்று அந்த நேரத்திலேயே முடிவெடுக்கிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட, ஏஜென்டுகளை வெளிச் சேவைகளோடு இணைக்கும் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் முறையில், கருவிக்கு ஒரு பெயரும், ஒரு விளக்கமும், உள்ளீடுகளின் அமைப்பைச் சொல்லும் ஜேசான் (தரவை எழுதும் ஒரு வடிவம்) வரைவும் உண்டு. மொழி மாதிரி பார்ப்பது முதன்மையாக இவற்றைத்தான். உங்கள் இணையதளத்தில் உள்ள நீண்ட வழிகாட்டி அதன் கண்ணில் படும் என்று எண்ணிவிட வேண்டாம். ஆகவே விளக்கத்தின் முதல் வாக்கியமே, "இக்கருவி கணிப்பைத் தராது, கணிப்புப் பணியைத் தொடங்கிப் பணி எண்ணை மட்டும் தரும், கணிப்பைப் பெற அந்த எண்ணுடன் அடுத்த கருவியை அழைக்கவும்" என்று அந்தக் கருவியின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தையற்காரர் தரும் சீட்டைச் சட்டை என்று யாரும் மாட்டிக்கொள்வதில்லை. ஆனால் சீட்டு என்று எங்கும் எழுதப்படாத தாளைப் பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

இணையச் சேவைகள் தமக்குள் பேசிக்கொள்ளும் எச்.டி.டி.பி. நெறிமுறையில் 202 என்ற குறியீடு, கோரிக்கை ஏற்கப்பட்டது, வேலை இன்னும் முடியவில்லை என்பதைக் குறிக்கும். நிரலாளருக்கு அந்த எண்ணே போதும். ஆனால் இடையிலுள்ள மென்பொருள் பல நேரங்களில் அந்தக் குறியீட்டையும் தலைப்பு விவரங்களையும் விட்டுவிட்டு, செய்தியின் உட்பகுதியை மட்டுமே மாதிரியிடம் கொடுக்கிறது. எனவே பணியின் நிலை, அடுத்து அழைக்க வேண்டிய கருவி, எத்தனை நொடி கழித்து அழைப்பது ஆகியவை அந்த உட்பகுதியிலேயே இருக்க வேண்டும்.

திரும்பத் திரும்ப அனுப்புவதற்குப் பெரும்பாலும் காரணம், எவ்வளவு நேரம் ஆவது இயல்பு என்று ஏஜென்டுக்குத் தெரியாததே. "சிறிது நேரம் ஆகலாம்" என்ற வரியால் பயனில்லை. உங்கள் சேவையின் பதிவுகளிலிருந்து அளந்த நேரத்தையும், எந்த எல்லையைத் தாண்டினால் கைவிட்டுப் பயனரிடம் தெரிவிக்கலாம் என்பதையும் எழுதுங்கள். வரிசையில் உள்ளது, நடக்கிறது, முடிந்தது, தோற்றது, நீக்கப்பட்டது என ஒவ்வொரு நிலைக்கும் எதிரில், அப்போது ஏஜென்ட் செய்ய வேண்டிய செயலும் இருக்கட்டும். தோல்வியிலும் பிரிவு தேவை: வயலின் எல்லைக்கோடு தவறாக இருந்தால் மீண்டும் அனுப்புவது வீண், சேவையகம் தடுமாறியிருந்தால் மறுமுறை முயலலாம். இவ்வளவு எழுதிய பிறகும், ஆவணத்தை மட்டுமே நம்பியிருப்பது எனக்கு உடன்பாடில்லை. ஒரே அடையாளக் குறியுடன் வரும் இரண்டாவது கோரிக்கைக்குப் புதிய பணியைத் தொடங்காமல் பழைய பணி எண்ணையே தரும்படி சேவையகத்தை அமைத்துவிட்டு, அதை ஆவணத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: விடை தயாரானதும் சேவையே தகவல் அனுப்பும் வெப்ஹூக் முறை இருக்கும்போது, ஏஜென்ட் ஏன் அடிக்கடி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்?
– வாசகர், போர்ட் லூயி

பதில்: வெப்ஹூக் வந்து சேர ஒரு முகவரி வேண்டும். உரையாடலுக்குள் மட்டும் இயங்கும் ஏஜென்டுக்கு அது கிடையாது. அதை நடத்தும் மென்பொருள் தகவலை வாங்கி ஏஜென்டை மீண்டும் எழுப்பினால்தான் பயன். நடுவழியும் உண்டு: இயந்திரக் கற்றல் மாதிரிகளை இணையவழி இயக்கித் தரும் ரெப்ளிகேட் சேவையில் 60 நொடி வரை இணைப்பைத் திறந்து வைத்துக் காத்திருக்கக் கேட்கலாம், அதற்குள் முடியாவிட்டால் பணி எண்ணுடன் திரும்பலாம். இவ்வாறு செய்தால், இரண்டு விதமான பதிலும் வரக்கூடும் என்பதை ஆவணம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கேள்வி: திரும்பி வரும் விவரங்களின் பெயரையும், அவை எண்ணா எழுத்தா என்பதையும் குறித்தால் போதாதா?
– வாசகர், ரோஸ் ஹில்

பதில்: போதாது, நம் நாட்டில் நிச்சயமாகப் போதாது. விளைச்சல் 30 என்று வந்தால், அது ஹெக்டேருக்கு 30 டன்னா, ஆர்பானுக்கு 30 டன்னா? மொரிசியசில் ஓர் ஆர்பான் என்ற நில அளவு சுமார் 0.4221 ஹெக்டேர், ஆர்பானுக்கு 30 டன் என்பது ஹெக்டேருக்கு ஏறத்தாழ 71 டன். ஆர்பான் கணக்கில் பேசும் தோட்டக்காரரிடம் ஏஜென்ட் அலகு தெரியாமல் எண்ணை ஒப்பித்தால், அவர் அறுவடைக்கு ஏற்பாடு செய்யும் லாரிகளின் எண்ணிக்கையே மாறிவிடும். ஆகவே அலகு விடையோடு சேர்ந்தே வரட்டும். பிழை வரம்பும், படம் எடுக்கப்பட்ட நாளும் கூடவே வரட்டும். ஏனெனில் ஜூனில் தொடங்கும் அறுவடைக்கு ஜனவரிப் படத்தை வைத்துச் செய்த கணிப்பின் மதிப்பு வேறு.

நேரத்தையும் இப்படியே, உள்ளூர் நேரமா உலகப் பொது நேரமா என்று குறித்துக் கவனியுங்கள். நம் நேரம் உலகப் பொது நேரத்துக்கு 4 மணி முன்னால் உள்ளது. 2008-09 கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளிப் பார்த்துப் பின்னர் கைவிட்டோம் என்பதால், அந்தப் பருவத்துப் பழைய தரவுகளைப் பயன்படுத்துவோர் மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். விடை எவ்வளவு காலம் சேமிப்பில் இருக்கும் என்பதையும் எழுதுங்கள். ரெப்ளிகேட்டில் நிரல் வழியாகச் செய்யப்படும் கணிப்புகளின் உள்ளீடும் விடையும் இயல்பாக ஒரு மணி நேரத்தில் அழிக்கப்படுகின்றன. உங்கள் சேவையிலும் அத்தகைய கெடு இருந்தால், விடை கிடைத்தவுடன் அதைச் சேமிக்க வேண்டும் என்ற கட்டளையையும், கெடு தாண்டிக் கேட்டால் எந்தப் பிழைச்செய்தி வரும் என்பதையும் விடையைப் பெறும் கருவியின் விளக்கத்திலேயே சேருங்கள்.