வறண்ட தோலும் ‘இயற்கை வைட்டமின் ஏ’ எண்ணெயும்

கேள்வி: முகமும் முழங்கையும் எப்போதும் வறண்டு வெள்ளை பூத்துக் கிடக்கும். ‘தாவர எண்ணெய்களும் இயற்கை வைட்டமின் ஏ-வும் கலந்தது’ என்று போட்டிருந்த எண்ணெயை வாங்கி மூன்று வாரமாக இரவில் பூசுகிறேன். இப்போது மூக்கோரம் தோல் உரிகிறது, எரிகிறது. ‘அழுக்கு வெளியேறுகிறது, விடாமல் பூசுங்கள்’ என்கிறார் விற்றவர். தொடரலாமா?

பதில்: வேண்டாம், இன்றே நிறுத்திவிடுங்கள். உரிவது அழுக்கு இல்லை, உங்கள் தோலின் மேலடுக்கு. புட்டிக்குள் உண்மையிலேயே வைட்டமின் ஏ இருந்தால், உரிதலும் எரிச்சலும் அதன் தெரிந்த பக்கவிளைவுகள். வறண்ட தோலில் அவை இன்னும் சீக்கிரம் தலைகாட்டும். ஒருவேளை அதில் சேர்த்த வாசனைப் பொருள்கூடக் காரணமாக இருக்கலாம். எப்படியானாலும் எரிகிற தோலில் விடாமல் பூசச் சொல்வது தப்பு.

எண்ணெயின் வேலை வேறு, வைட்டமின் ஏ-வின் வேலை வேறு. வறட்சிக்கு உங்களுக்கு வேண்டியது எண்ணெய் மட்டும்தான். அதுவும் தோலுக்கு ஈரத்தைக் கொடுக்காது, இருக்கிற ஈரத்தை ஆவியாக விடாமல் பிடித்துவைக்கும். காய்ந்த முகத்தில் தேய்த்தால் பளபளப்பும் பிசுக்கும்தான் மிஞ்சும். குளித்ததும் துண்டால் லேசாக ஒற்றிவிட்டு, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே மூன்று நான்கு சொட்டை உள்ளங்கையில் பரப்பி முகத்தில் அழுத்தி எடுங்கள். அதே எண்ணெய், அதே அளவு, ஆனால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

எந்த எண்ணெய் என்றால், நான் முதலில் சொல்வது சூரியகாந்தி எண்ணெய். அதில் மிகுந்திருக்கும் லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைத் தோல் தன் சொந்தக் கொழுப்புப் படலத்தைக் கட்டவே எடுத்துக்கொள்கிறது. ‘ஹை ஒலெயிக்’ என்று போட்டிருந்தால் அது ஒலெயிக் என்ற வேறு அமிலம் மிகுந்த வகை, இதற்கு ஆகாது. ஆலிவ் எண்ணெய்க்குப் பெயர் பெரிது, ஆனால் அதில் பாதிக்கு மேல் ஒலெயிக் அமிலம். அது தோலின் தடுப்பைத் தளர்த்துவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். வறண்ட முகத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் அந்த ‘இயற்கை வைட்டமின் ஏ’. தாவரங்களில் ரெட்டினால், அதாவது நேரடி வைட்டமின் ஏ, கிடையாது. இருப்பது பீட்டா கரோட்டின் போன்றவை. அவற்றைச் சாப்பிட்டால் உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும், அதை நம்பிப் பூசும் எண்ணெய்க்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். புட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். ரெட்டினால், ரெட்டினைல் பால்மிடேட், ரெட்டினால்டிஹைடு போன்ற பெயர்கள் இருந்தால்தான் வைட்டமின் ஏ. ‘தாவர ரெட்டினால்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் பாகுச்சியால், கார்போகரிசி விதையிலிருந்து எடுப்பது. அது வைட்டமின் ஏ-வே அல்ல. 2019-இல் 44 பேரிடம் 12 வாரம் நடந்த ஓர் ஆய்வில் அது ரெட்டினாலுக்கு இணையாகவும், உரிதலும் எரிச்சலும் குறைவாகவும் இருந்தது. ஆனால் அந்த ஆய்வு பார்த்தது சுருக்கத்தையும் கருமையையும். வறட்சியை அல்ல.

சுருக்கத்துக்காக ரெட்டினால் வேண்டுமென்றால், தோல் முழுக்க ஆறிய பிறகு தனியாக வாங்குங்கள். வாரத்தில் இரண்டு இரவு, ஒரு பட்டாணி அளவு, மாய்ஸ்சரைசருக்கு மேல் போதும். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். முழங்கையில் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 விதி ரெட்டினாலை முகப் பூச்சில் 0.3 சதவீதமும், முழங்கைக்கும் பூசும் உடல் லோஷனில் வெறும் 0.05 சதவீதமும்தான் அனுமதிக்கிறது. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாலைத் தொடவே கூடாது. ரெட்டினால் வெளிச்சமும் காற்றும் பட்டால் கெடும், அதனால் வாய் அகன்ற டப்பாவிலோ உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடிப் புட்டியிலோ வருவதை வாங்காதீர்கள்.

கேள்வி: வைட்டமின் ஏ மாத்திரையைக் குத்தி அந்த எண்ணெயை முகத்தில் பூசலாமா? இல்லை, விழுங்கினால் வறட்சி போகுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். அது விழுங்குவதற்காக அளந்து அடைத்தது, முகத்தில் எவ்வளவு படுகிறது என்று உங்களால் கணக்கிட முடியாது. விழுங்குவது இன்னும் மோசம். அமெரிக்கக் கணக்குப்படி பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 700 முதல் 900 மைக்ரோகிராம், ரெட்டினாலுக்கு மேல் வரம்பு 3,000. சில மாத்திரைகளில் ஒன்றே அந்த வரம்பைத் தொட்டுவிடும். நாள்பட அதிகமானால் வரும் அறிகுறிகளில் முதன்மையானவை எவை தெரியுமா? வறண்ட தோல், வெடித்த உதடு. குறைபாடு என்று மருத்துவர் பார்த்துச் சொன்னால் மட்டும் சாப்பிடுங்கள்.

கேள்வி: பாதி தீர்ந்த எண்ணெய்ப் புட்டி ஒரு வருடமாக இருக்கிறது. பூசலாமா?

பதில்: மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். வாடை இல்லையென்றால், லேபிளில் திறந்த டப்பா படத்துக்குள் 6 அல்லது 12 என்று ஓர் எண் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம்தான் கணக்கு. அடுத்த முறை சின்னப் புட்டியாக வாங்கி, திறந்த தேதியை அடியில் எழுதி ஒட்டிவையுங்கள்.