கைகோத்த படம் போதுமா?

கேள்வி: பல மதத்தவரும் பல மொழி பேசுவோரும் கலந்து வாழும் குடியிருப்பு எங்களுடையது. போன ஆண்டு ஒரு சச்சரவுக்குப் பிறகு மதத் தலைவர்களை அழைத்து நல்லிணக்கக் கூட்டம் நடத்தினோம். கைகோத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டே வாரத்தில் பழைய முறைப்பு திரும்பிவிட்டது. இந்த ஆண்டும் பொறுப்பு என் தலையில். தலைவர்களை விட்டுவிட்டு மக்களை மட்டும் உட்காரவைத்துப் பேசினால் என்ன?

பதில்: உங்கள் சலிப்பு எனக்கும் பழக்கமானதுதான். எல்லா மதங்களும் அன்பையே போதிக்கின்றன என்று முதலில் பேசுபவர் சொல்வார். இரண்டாமவரும் அதையே சொல்வார். நான்காமவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கும்போது பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும். அவர்கள் பேசியதில் பொய்யில்லை. ஆனால் கோபத்தில் இருப்பவன் அந்தக் கூட்டத்துக்கு வருவதே இல்லையே! அவன் தவறாமல் போவது தன் வழிபாட்டிடத்துக்கு. அங்கே, மற்றவர் காது கேட்காத இடத்தில், அவனுடைய தலைவர் என்ன பேசுகிறார் என்று விசாரித்தீர்களா?

நைஜீரியாவின் கடுனா நகரில் போதகர் ஜேம்ஸ் வூயே, இமாம் முகமது அஷாஃபா என இருவர், எதிரெதிர் ஆயுதக் குழுக்களில் இருந்தவர்கள். 1992-ல் நடந்த மோதலில் வூயேயின் வலது கை போயிற்று. அஷாஃபா தம் ஆன்மிக ஆசானையும் உறவினர் இருவரையும் பறிகொடுத்தார். பழிவாங்கத் துடித்த அவரைத் தடுத்து நிறுத்தியது மசூதியில் மன்னிப்பைப் பற்றிக் கேட்ட ஒரு பிரசங்கம். தன் மார்க்கத்தவர் ஒருவர், தன் மார்க்கத்தின் சொற்களிலேயே சொன்னதால் அது உள்ளே இறங்கியது. பிற்பாடு இருவரும் சேர்ந்து சமரசப் பணியில் இறங்கினார்கள். உடனே உயிர் நண்பர்களாகிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரே அறையில் தங்கிய இரவுகளில், தூங்கும் இமாமின் முகத்தில் தலையணையை வைத்து அழுத்திவிடலாமா என்று தோன்றியதை வூயே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். இத்தனைக்கும் அவர் போதகர்! உங்கள் குடியிருப்புக்கு இரண்டு வாரம் போதாமல் போனதில் வியப்பென்ன?

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் 2013-ன் கடைசியில் வன்முறை முற்றியபோது, தலைநகர் பாங்கியின் பேராயர், ஆபத்திலிருந்த இமாமைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். மாதக்கணக்கில் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். எத்தனை கூட்டறிக்கை விட்டாலும் அதற்கு ஈடாகுமா, சொல்லுங்கள்.

ஆகவே தலைவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்கள் பச்சைக்கொடி காட்டாவிட்டால், எதிர்வீட்டோடு பேசப் போகிறவர் சொந்தக் கூட்டத்துக்கே துரோகியாகிவிடுவார். ஆனால் அவர்களே நாள் முழுவதும் பேச வேண்டியதில்லை. பெரும்பாலும் வயதான ஆண்கள். குழாயடித் தகராறும் பிள்ளைகளின் காதலும் அவர்கள் காதுக்குக் கடைசியில்தான் எட்டும். பெண்களும் இளைஞர்களும் பேசட்டும், இவர்கள் கேட்கட்டும்.

பொதுப் பிரார்த்தனைக்கு யாரையும் வற்புறுத்தாதீர்கள். 1986-ல் போப் இரண்டாம் ஜான் பால் இத்தாலியின் அசிசி நகருக்குப் பல மதத் தலைவர்களை அழைத்தபோது, முதலில் அவரவர் தனித்தனி இடங்களில் வேண்டினார்கள். பிறகு ஓரிடத்தில் கூடியபோதும் ஒவ்வொருவரும் தத்தம் முறையில்தான் வேண்டினார்கள். தன்னுடையது கரைந்துவிடுமோ என்ற அச்சம் இல்லாதவர்தான் அடுத்தவர் சொல்வதை நிம்மதியாகக் கேட்பார்.

இப்போது செய்ய வேண்டியது: ஒவ்வொரு தலைவரையும் தனியாகப் போய்ப் பாருங்கள். போன ஆண்டுச் சச்சரவில் தம் பக்கத்தார் செய்த தவறு ஒன்றையாவது, அடுத்த பிரசங்கத்தில், தம் மக்கள் முன்னிலையில் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். சிலர் மழுப்புவார்கள். ஒருவர் ஒத்துக்கொண்டாலும் அவரிடமிருந்து தொடங்குங்கள். அதற்காகக் கூட்டம் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. புகைப்படக்காரருக்கு இப்போதைக்குச் சொல்லிவைக்க வேண்டாம்.