ஆபீசரே போதும்னா தலைவர் எதுக்கு?

கேள்வி: எங்க ஊராட்சித் தலைவர் அஞ்சு வருஷம் இருந்தார். ஜெயிக்கும்போது பைக்ல வந்தவர் முடியும்போது கார்ல போனார். இப்ப தேர்தல் நடக்காம தனி அலுவலர்தான் பார்த்துக்கறார், ஊர்ல கோஷ்டி சண்டை இல்ல, போஸ்டர் இல்ல, நிம்மதியா இருக்கு. பேசாம ஊராட்சியெல்லாம் இப்படியே ஆபீசர் கையில விட்டுட்டா என்ன? (வாசகர், அரியலூர் மாவட்டம்)

பதில்: உங்க கோபம் நியாயம்தான், ஆனா அதுக்கு நீங்க சொல்ற வழி இருக்கே, அது ஊரையே கெடுக்கிற வழி, அதனால இதுக்கு கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல ஒரு கணக்கு பார்ப்போம். தமிழ்நாட்டுல சுமார் 12,500 கிராம ஊராட்சி இருக்கு, 388 ஊராட்சி ஒன்றியம் இருக்கு. வகுத்தா ஒரு ஒன்றியத்துக்கு சராசரியா 32 ஊர் வரும். தனி அலுவலர்னு நீங்க சொல்றவர் யாரு, உங்க ஒன்றியத்து பிடிஓதான், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர், அவர் தன்னோட ஆபீஸ் வேலையையும் பார்த்துகிட்டு இந்த 32 ஊருக்கும் தலைவர் வேலையும் பார்க்கணும். மோட்டார் காயில் எரிஞ்சு உங்க தெருவுக்கு மூணு நாளா தண்ணி வரலைன்னு வைங்க, ஊராட்சி செயலர் கிட்ட போவீங்க, அவர் பிடிஓ ஆபீஸ்ல கேட்டுத்தான் செய்யணும்பார், அங்க போனா சார் கலெக்டர் மீட்டிங் போயிருக்கார்னு சொல்வாங்க. தலைவர்னு ஒருத்தர் இருந்தா ராத்திரி பத்து மணிக்கு அவர் வீட்டு வாசல்ல நின்னு சத்தம் போடலாம், அவரும் எழுந்து வந்துதான் ஆகணும், ஏன்னா அடுத்த தேர்தல்ல உங்க வீட்டுக்கு வந்துதான் அவர் ஓட்டு கேக்கணும். பிடிஓவுக்கு அந்த கவலை கிடையாது. அவர் நல்லவரா கெட்டவராங்கிறது வேற விஷயம்.

இது முதல் தடவையும் இல்ல. 2016 அக்டோபர்ல பதவிக்காலம் முடிஞ்சது, 2019 டிசம்பர் வரைக்கும் தேர்தல் இல்ல, மூணு வருஷத்துக்கு மேல தனி அலுவலர்தான். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லைன்னு மத்திய நிதிக்குழு மானியமே நிறுத்தி வெச்சாங்க. பதவிக்காலம் முடியறதுக்குள்ள அடுத்த தேர்தலை நடத்தி முடிக்கணும்னு அரசியல் சாசனத்துல 243இ பிரிவு சொல்லுது. அதை மீறறவங்களை கேள்வி கேக்கறதை விட்டுட்டு நீங்க நிம்மதியா இருக்குன்னு எழுதறீங்க.

அந்த நாற்காலிக்காக உயிரே போயிருக்குங்க. 1996 தேர்தல்ல மதுரை மாவட்டம் மேலவளவு தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கினாங்க, முருகேசன் ஜெயிச்சார், 1997 ஜூன் 30 மதுரையில கலெக்டர் ஆபீஸுக்கு போயிட்டு பஸ்ல திரும்பி வரும்போது அவரையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்னாங்க. தலைவரா உட்கார்ந்ததுதான் அவர் செஞ்ச குத்தம். அதே மாதிரி பட்டியல் சாதிக்கு ஒதுக்கினதால உசிலம்பட்டி பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்துல பத்து வருஷம் தேர்தலை நடக்க விடல, நடந்தாலும் ஜெயிச்சவரை உடனே ராஜினாமா பண்ண வெச்சாங்க, 2006லதான் அங்க நிலைமை மாறிச்சு. எல்லாம் பழைய கதைன்னு தள்ளவும் முடியாது. 2020ல திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்துல பட்டியல் சாதிப் பெண் தலைவரை சுதந்திர தினத்துல கொடி ஏத்த விடல, அப்புறம் கலெக்டரே வந்து ஏத்த வெச்சாங்க, அதே வருஷம் கடலூர் மாவட்டம் தெற்கு திட்டையில தலைவரை மன்றக் கூட்டத்துல தரையில உட்கார வெச்ச போட்டோவை நாடே பார்த்துச்சு. இப்படி சண்டை போட்டு வாங்கின நாற்காலியைத்தான் ஆபீசர் கிட்ட கொடுத்துடலாம்னு நீங்க சொல்றீங்க, அரியலூர்ல உட்கார்ந்து உங்களுக்கு அது லேசா தெரியலாம், மேலவளவுல போய் சொல்லிப் பாருங்க.

சரி, அஞ்சு வருஷம் அந்த ஆள் என்னதான் பண்ணார்னு கேக்கறீங்க. 2019ல ஜெயிச்சவங்க 2020 ஜனவரி 6 பதவி ஏத்தாங்க, மார்ச் 25 ஊரடங்கு வந்துடுச்சு. தீர்மானம் எப்படி எழுதறது, எந்த கணக்குல எவ்வளவு பணம் இருக்குன்னு கத்துக்கறதுக்குள்ள பிளீச்சிங் பவுடர் வாங்கணும், கபசுரக் குடிநீர் காய்ச்சணும், வெளியூர்லேர்ந்து வந்தவங்களை ஸ்கூல் கட்டடத்துல தங்க வெச்சு சாப்பாடு கொடுக்கணும், அவங்க சொந்தக்காரங்க வந்து சண்டை போட்டா அதையும் தாங்கணும். இதுக்கெல்லாம் அப்ப மாசம் 1,000 ரூபாய் மதிப்பூதியம், அப்புறம்தான் 2,000 ஆச்சு. சாவு வீடு, காதுகுத்து, கோயில் கொடைன்னு போற இடத்துல எல்லாம் மொய் எழுதற பணத்துக்கே அது பத்தாது. பணத்தை அவர் இஷ்டத்துக்கு செலவு பண்ணவும் முடியாது, துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்து போட்டாத்தான் பணம் வெளியே வரும், அவர் எதிர்க்கோஷ்டின்னா மாசக்கணக்குல பில் நிக்கும், டேங்க் ஆபரேட்டருக்கு சம்பளம் நிக்கும். 15வது நிதிக்குழு மானியத்துல 60 சதவீதம் குடிநீர், சுகாதாரத்துக்குன்னே கட்டிப் போட்டது, ரோடு போடுங்கன்னு நீங்க கேட்டா அந்தப் பணத்தை அவர் தொடக்கூட முடியாது.

கமிஷன் இல்லவே இல்லைன்னு நான் சொல்ல வரல. இருக்கு, அதை மன்னிக்கவும் கூடாது. ஆனா வேலை உத்தரவு வாங்கறதுலேர்ந்து ஓவர்சியர் வேலையை அளந்து எம்-புக்குங்கிற அளவுப் புத்தகத்துல எழுதி பில் பாஸ் ஆகற வரைக்கும் எத்தனை மேஜை இருக்குன்னு எந்த கான்ட்ராக்டரையாவது கேட்டுப் பாருங்க. தனி அலுவலர் வந்ததும் அந்த மேஜை எல்லாம் எங்கயும் போகல, தலைவர் மட்டும்தான் போயிட்டார். கார் உங்க கண்ணுல பட்டுச்சு, மேஜைக்கு அடியில நடக்கறது யார் கண்ணுலயும் படாது.

ஒரு எம்எல்ஏவை பதவியை விட்டு எடுக்க கலெக்டரால முடியுமா? முடியாது. ஊராட்சித் தலைவரை எடுக்கலாம், 1994 ஊராட்சிகள் சட்டத்துல 205வது பிரிவு அதுக்குத்தான் இருக்கு, தாசில்தார் மன்றத்தைக் கூட்டி கருத்து கேக்கணும், ஆனா உத்தரவு கலெக்டரோடது. குத்தம்பாக்கம் இளங்கோவை எடுத்துக்கோங்க, கெமிக்கல் இன்ஜினியர், வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்து 1996ல தலைவர் ஆனவர், தலித்தும் தலித் அல்லாதவங்களும் ஒரே சுவரைப் பகிர்ந்துக்கிற மாதிரி 50 இரட்டை வீடு கட்டினார். கிரானைட் பாலிஷ் போடற இடத்துல வீணாக் கிடந்த கல்லை வெச்சு குறைஞ்ச செலவுல சாக்கடை கட்டினதுக்கு, எஸ்டிமேட்ல சொன்ன மாதிரி கட்டலைன்னு அவரை சஸ்பெண்ட் பண்ணாங்க. கிராம சபை கூடி ஊர் சனம் அவர் பக்கம் நின்னுச்சு, உத்தரவை திரும்ப வாங்கினாங்க. மிச்சம் பிடிச்ச தலைவரையே இந்த சட்டம் தண்டிக்கும், காப்பாத்தினது ஊர்தான்.

அதனால நான் உங்களைத்தான் கேக்கணும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு கிராம சபை. 501லேர்ந்து 3,000 பேர் வரைக்கும் உள்ள ஊருக்கு 100 பேர் வந்தா கோரம், அதாவது குறைஞ்சபட்ச வருகை, சரியாப் போச்சு. வரவு செலவு கணக்கை அங்க எல்லார் முன்னாடியும் வெக்கணும், எந்த வேலைக்கு எவ்வளவு பில் போட்டாங்கன்னு அங்க எழுந்து கேக்கலாம், தணிக்கை அறிக்கையை கேக்கலாம், கார் வாங்கின தலைவரை நேருக்கு நேர் நிறுத்தற இடம் அதுதான். தனி அலுவலர் காலத்துலயும் கிராம சபை நடக்குது. போன அஞ்சு வருஷத்துல நீங்க எத்தனை கூட்டத்துக்கு போனீங்க, அங்க என்ன கேட்டீங்க, அடுத்த கடிதத்துல எழுதுங்க, அப்படியே போடறேன்.