ஆர்க் சார்ட்டில் மச்சினருக்கு எந்தக் கட்டம்?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். 12 மெஷினில் ஆரம்பித்தது. இன்று 110 பேர் வேலை செய்கிறார்கள். எங்களிடம் சரக்கு வாங்க வந்திருக்கும் புது பையர் ஒருவர், கம்பெனியை நேரில் வந்து சோதிக்கும் ஆடிட்டுக்கு முன்னால், யாருக்குக் கீழே யார் என்று காட்டும் ‘ஆர்கனைசேஷன் சார்ட்’ (ஆர்க் சார்ட்) அனுப்பச் சொல்கிறார். மகன் நெட்டிலிருந்து ஒன்றை எடுத்து, உச்சியில் என் பெயரைப் போட்டு வைத்திருக்கிறான். அதுவே போதுமா? ஆடிட்டைத் தவிர இதனால் வேறு பிரயோஜனம் உண்டா?

பதில்: மகன் எடுத்த படத்தை அனுப்பாதீர்கள். ஆடிட்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டே தையல் லைனுக்குப் போய், டெய்லர் ஒருவரிடம் “உங்களுக்கு லீவு யார் தருவது?” என்று கேட்கலாம். படத்தில் ‘ஹெச்.ஆர். மேனேஜர்’ என்று இருக்கும், டெய்லரோ சூப்பர்வைசர் பெயரைச் சொல்வார். அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

உங்களுக்கு வந்திருக்கும் தலைவலி பழையதுதான். 1850களில் அமெரிக்காவின் நியூயார்க் அண்ட் ஈரி ரயில்வேக்கும் இது வந்தது. பாதை நீளமானால் மைலுக்கு ஆகும் செலவு குறைய வேண்டும், ஆனால் கூடிக்கொண்டே போனது. அதன் கண்காணிப்பாளர் டேனியல் மெக்கல்லம் ஒரு காரணம் சொன்னார். 50 மைல் பாதை என்றால் ஒரே ஆள் எல்லாவற்றையும் நேரில் பார்த்துக்கொள்ளலாம், 500 மைலுக்கு அது நடக்காது. 1855இல் அவர் வரைய வைத்த படத்தைத்தான் இன்றைய ஆர்க் சார்ட்டுகளுக்கெல்லாம் மூத்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதில் முதலாளிமார் உச்சியில் இல்லை. இயக்குநர் குழு அடியில் வேராக இருக்க, செடி மாதிரி கிளைகள் மேலே விரிந்து போகும். உங்கள் 12 மெஷின் காலம் அந்த 50 மைல் பாதை.

சரி, வரைவதற்கு வருவோம். பெரிய தாள் ஒன்றும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர் இப்போது வேண்டாம், வேலையை மட்டும் எழுதுங்கள்: கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர், செக்கிங், அயர்னிங், பேக்கிங், மெர்ச்சன்டைசர் (பையரின் ஆர்டரைக் கவனிப்பவர்), ஸ்டோர், அக்கவுண்ட்ஸ். பிறகு ஒவ்வொருவருக்கும் வேலை சொல்வது யார், லீவு தருவது யார், தப்பு நடந்தால் அவர் போய் நிற்பது யாரிடம் என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால் அந்த ஆளின் கட்டத்திலிருந்து அவருடைய மேலாளின் கட்டத்துக்குக் கெட்டியாக ஒரு கோடு போடலாம். பதில் மாறினால், மாதக்கணக்கில் நீங்கள் தேடிக்கொண்டிருந்த குழப்பம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

புள்ளிக்கோடு என்று ஒன்று உண்டு. “இந்த ஸ்டைலை முதலில் வெட்டிக் கொடுங்கள்” என்று கட்டிங் மாஸ்டரிடம் மெர்ச்சன்டைசர் கேட்கலாம், உத்தரவு போட முடியாது. அந்த உறவைக் காட்டத்தான் அது. பெரிய ஐ.டி. கம்பெனிகளில் ஒரே ஆள் ப்ராஜெக்ட் மேனேஜருக்கும் துறைத் தலைவருக்கும் பதில் சொல்வார். உங்கள் அளவுக்கு அந்த வம்பு வேண்டாம். ஒருவருக்கு ஒரு மேலாள் போதும்.

நான் கவனிக்கச் சொல்வது முக்கியமாகச் செக்கிங்கின் கோடு எங்கே போகிறது என்பதை. நான் ஆலோசனைக்குப் போன ஒரு யூனிட்டில் செக்கிங் சூப்பர்வைசர் புரொடக்‌ஷன் மேனேஜருக்குக் கீழே இருந்தார். ராத்திரி லாரி வாசலில் நிற்கிறது. நெக் ரிப் (கழுத்துப் பட்டி) சுருங்கிய பீஸ்களுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒரு பெட்டியில் தனியாக வைத்திருந்தார் அந்த அம்மா. மேனேஜர் வந்தார், ஸ்டிக்கரை வரிசையாக உரித்தார், பெட்டியைப் பேக்கிங் பக்கம் தள்ளினார். அந்த அம்மா வாயே திறக்கவில்லை. அவருக்கு இன்கிரிமென்ட் எழுதுவது அதே மேனேஜர், பிறகு எப்படித் திறப்பார்? செக்கிங்கை நேராக முதலாளிக்குக் கீழே மாற்றச் சொன்னேன். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

அடுத்தது வீட்டு ஆட்கள். மச்சினரோ மாப்பிள்ளையோ, படத்தில் எங்கும் இருக்க மாட்டார். ஆனால் அவர் சொன்னால் லைனே நிற்கும். அவருக்குப் பர்ச்சேஸ், ஸ்டோர் என்று ஏதாவது ஒரு கட்டம் கொடுங்கள். அந்தக் கட்டத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு அவர் உத்தரவு போடக் கூடாது. இதை வீட்டில் பேசி முடித்துவிட்டு வரையுங்கள், படத்தை ஒட்டிய பிறகு பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

பீஸ் ரேட் கான்ட்ராக்டரின் ஆட்களையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் கூரைக்குக் கீழே தைக்கிறவர் படத்தில் இல்லையென்றால் ஆடிட்டர் சந்தேகப்படுவார். 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களுக்கான உள் குழு வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர் அதன் தலைவர். அந்தக் குழுவை ஹெச்.ஆருக்குக் கீழே தொங்கவிடாமல் பக்கத்தில் தனியாகப் போடுங்கள். ஐ.எஸ்.ஓ. 9001:2015 என்ற தரச் சான்றிதழ் எடுப்பவர்கள் படம் கட்டாயம் என்று நினைக்கிறார்கள். அதன் 5.3 பிரிவு கேட்பது, யாருக்கு என்ன பொறுப்பு, என்ன அதிகாரம் என்று ஒதுக்கி, சொல்லி, அவர்களுக்கும் அது புரிந்திருக்க வேண்டும் என்பதுதான். படம் அதைக் காட்டச் சுலபமான வழி.

வேறு பிரயோஜனம் கேட்டீர்கள். இப்போது பெயர்களை எழுதுங்கள். ஒரே பெயர் மூன்று கட்டத்தில் வருகிறதா? கட்டிங் மாஸ்டர் கோயில் நோன்பிக்கு ஒரு வாரம் ஊருக்குப் போனால் அந்தக் கட்டத்தில் யார்? உங்களிடம் நேராக வந்து முடியும் கோடுகளையும் எண்ணுங்கள். பதினைந்து, பதினாறு என்று போனால், மத்தியானச் சோற்றை நாலு மணிக்குத் தின்பதற்குக் காரணம் அதுதான். அவற்றில் பாதியை இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுங்கள். புது ஆள் எடுப்பதெல்லாம் அப்புறம்.

பென்சில் படம் சரியாக வந்ததும் மகனிடம் கொடுங்கள், கம்ப்யூட்டரில் போடட்டும். மூலையில் தேதி இருக்கட்டும், ஆள் மாறும்போது படமும் மாற வேண்டும். பையருக்கு இங்கிலீஷில் ஒன்று, பஞ்சிங் மெஷின் பக்கத்தில் தமிழில் ஒன்று. ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால் இந்தியிலும் ஒன்று ஒட்டிவிடுங்கள்.