குளிரைச் சமாளிக்கலாம், ஈரம்தான் ஆகாது: பனிக்கால முகாம் வேலை பற்றிக் கேள்வி பதில்

பனி கொட்டும் மலைப்பகுதியில் உள்ள ஒரு முகாமில் ஆறு குளிர்காலம் பருவப் பணியாளராக இருந்தேன். வார நாட்களில் பள்ளிக் குழுக்கள் வந்து தங்கும், வார இறுதியில் குடும்பங்கள். முதல் மூன்று வருடம் குழந்தைகளை வெளியே அழைத்துப் போகும் வேலை, அப்புறம் கட்டடப் பராமரிப்பு. இந்த வருடம் சேரப்போகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாக்கிவிட்டேன்.

விளம்பரப் படங்களில் எல்லாரும் ஸ்கீ போட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள். உண்மையில் ஒரு நாள் எப்படிப் போகும்?

அந்தப் படம் பொய்யில்லை, ஆனால் அது ஒரு நாளில் இரண்டு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் வாருவது, துடைப்பது, காய வைப்பது, தலை எண்ணுவது.

இரவு பனி விழுந்திருந்தால் இருட்டிலேயே எழுந்து, காலைச் சாப்பாட்டுக்கு முன் படிகளையும் பாதைகளையும் வாரி முடிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அவசர வழிக் கதவை மறந்துவிடுவார்கள். அது வெளிப்பக்கம் திறக்கும் கதவு. முழங்கால் உயரம் பனி சேர்ந்துவிட்டால் உள்ளேயிருந்து எவ்வளவு தள்ளினாலும் அசையாது. அதனால் முன்வாசலுக்கு முன்பே அதை வாருங்கள்.

அப்புறம் குழந்தைகளைக் கிளப்புவது. பன்னிரண்டு பேருக்கு உடுத்தி, பனியில் கால் புதையாமல் நடக்க உதவும் அகலமான ஸ்னோஷூ மாட்டி வாசலைத் தாண்ட நாற்பது நிமிடம் ஆகும். கடைசிக் குழந்தைக்கு ஜிப் போடும்போது முதல் குழந்தை பாத்ரூம் போகணும் என்று வந்து நிற்கும். இது தினமும் நடக்கும், கோபப்பட்டுப் பயனில்லை.

என்னைக் கேட்டால் முகாமின் முக்கியமான இடம் உலர்த்தும் அறைதான். ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கே போனால் கம்பளியும் வியர்வையும் கலந்த நெடி மூக்கில் ஏறும். கையுறைகளை விரல் மேலே, வாய் கீழே இருக்கும்படி குச்சியில் செருக வேண்டும், கீழிருந்து ஏறும் சூடான காற்று உள்ளே போகும். பூட்ஸின் உள்ளுறையை வெளியே உருவிவிட வேண்டும். உருவாமல் வைத்தால் காலையில் மேலே தொட்டுப் பார்க்கும்போது காய்ந்தது போலத்தான் இருக்கும். உள்ளே கையை விட்டு விரல் நுனிப் பக்கம் தொட்டால் சில்லென்று ஈரம். அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகும் குழந்தை இருபது நிமிடத்தில் அழும். பகலில் வரும் தொல்லையில் பாதி, முந்தின ராத்திரி இந்த அறையில் யாரோ சோம்பல்பட்டதால் வருவது.

பனியே விழாத ஊரில் வளர்ந்தவன் நான். தாங்க முடியுமா? என்ன உடை வாங்குவது?

தாங்கலாம். முதல் இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், பிறகு பழகிவிடும். குளிர்நாட்டில் பிறந்தவர்கள்தான் அசட்டையாக இருந்து மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

தடியான ஜாக்கெட் ஒன்று வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். உடம்போடு ஒட்டும் உள்ளாடை மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ, நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்றும் தண்ணீரும் புகாத ஒன்று. பருத்தி மட்டும் வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு விடாது, நனைந்தபின் சூட்டையும் பிடித்து வைக்காது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். பனி வாரும்போது வியர்க்கத் தொடங்குவதற்கு முன்பே ஒரு அடுக்கைக் கழற்றிவிடுங்கள். கிளம்பும்போது லேசாகக் குளிர்ந்தால்தான் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கையுறை நான்கு ஜோடி கொண்டு வாருங்கள். இரண்டு போதும் என்று எல்லாரும் சொல்வார்கள், போதாது.

வெப்பமானியில் மைனஸ் 10 தானே, ஏன் வெளியே விட மறுக்கிறார்கள்?

காற்று. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20 போல. மைனஸ் 20 இருந்தால் மைனஸ் 33 போல. மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் இது தெரியாது, திறந்த வெளிக்கு வந்ததும் முகத்தில் அறையும். நல்ல பொறுப்பாளர் அன்றைக்கு நடையை ரத்து செய்ய மாட்டார், பாதையை மாற்றுவார்.

விரல் மரத்துப்போனால் பனியை வைத்துத் தேய்க்கச் சொல்கிறார்களே?

தேய்க்கவே கூடாது. பனியாலும் வேண்டாம், கையாலும் வேண்டாம். உறைந்த திசுவுக்குள் இருக்கும் பனித்துகள்கள் அதை இன்னும் கிழித்துவிடும்.

கன்னமோ விரல் நுனியோ வெளுத்து, ஆனால் அழுத்தினால் மெத்தென்று இருந்தால் அது ஆரம்ப நிலை. உள்ளே கூட்டிப்போய் அக்குளிலோ வெறும் கையிலோ வைத்துச் சூடாக்கினால் சரியாகும். தோல் மெழுகு மாதிரி கெட்டியாகிவிட்டால் மருத்துவரிடம் போகவேண்டிய விஷயம். வெந்நீரில் வைப்பதானால் 37 முதல் 39 டிகிரி, அதற்கு மேல் வேண்டாம். மறுபடி உறைந்துபோகும் வாய்ப்பு இருக்கும் இடத்தில் சூடாக்கவே கூடாது, ஒரு முறை இளகி மறுபடி உறைவது முதல் உறைவைவிட மோசம். அடுப்புக்குப் பக்கத்தில் நீட்டுவதும் தவறு, மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது.

இன்னொன்று. வளவளவென்று பேசிக்கொண்டிருந்த பையன் திடீரென்று வாய் குழறி, கால் தடுக்கி, எரிச்சலாகப் பேசினால் குறும்பு என்று நினைக்காதீர்கள். உடம்பின் உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே போகும்போது இப்படித்தான் தொடங்கும். நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டான் என்று அர்த்தமில்லை, நிலைமை முற்றுகிறது. உடனே உதவி கூப்பிடுங்கள்.

உறைந்த ஏரி மேல் எப்போது நடக்கலாம்?

உங்கள் கண்ணை நம்பாதீர்கள், துளைபோட்டு அளந்தால்தான் தெரியும். தெளிவான, கண்ணாடி மாதிரிப் புதிய பனிக்கட்டி 10 சென்டிமீட்டர் இருந்தால் ஆள் நடக்கலாம் என்பது பொதுவான அளவு. பனி ஊறி உறைந்த வெள்ளைக் கட்டிக்குப் பாதி பலம்தான், அதனால் இரட்டிப்புத் தடிமன் வேண்டும். ஓரிடத்தில் அளந்தால் போதாது. ஓடை வந்து சேரும் வாய், ஊற்று, நாணல் புதர், படகுத்துறைக் கம்பங்களைச் சுற்றி எல்லாம் மெலிந்திருக்கும். மேலே பனி மூடியிருந்தால் அது போர்வை போலச் சூட்டைத் தக்கவைக்கும், கீழே கட்டி தடிப்பது மெதுவாகும்.

நாங்கள் வாரம் இரண்டு முறை கையால் சுழற்றும் துளைக்கருவியோடு போவோம். இடுப்பில் கயிறு, கழுத்தில் இரண்டு கூர் முனைப் பிடிகள், விழுந்தால் கட்டியில் குத்தி ஏறுவதற்கு. துளை விழும்போது கீழேயிருந்து தண்ணீர் ‘களக்’ என்று மேலே வரும், அந்தச் சத்தம் எத்தனை முறை கேட்டாலும் வயிற்றைக் கலக்கும்.

விழுந்துவிட்டால் நினைவில் வைக்க ஒரு கணக்கு உண்டு, 1-10-1. மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் பரப்பியது. மூச்சு திணறுவது அடங்க 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். முதல் நிமிடம் பதறாமல் மூச்சைச் சீராக்கிக்கொள்வதுதான் காரியம். பிறகு வந்த வழிப் பக்கமே திரும்பி, காலை உதைத்து, வயிற்றால் ஏறி உருண்டு வாருங்கள். எழுந்து நிற்காதீர்கள்.

கேபினில் விறகு அடுப்பு. ஏதாவது கவனிக்கணுமா?

நிறைய. காயாத விறகு எரிந்தால் புகைக்குழாயில் கருப்பாகத் தார் படியும், அது ஒரு நாள் தீப்பிடிக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கருவி இல்லையா, இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது தொப்பென்று கேட்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று முதல் நாளே பட்டனை அழுத்திப் பாருங்கள். அந்த வாயுவுக்கு மணமே இல்லை. அறையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் வெளியே ஓடுங்கள்.

சாம்பல் விஷயத்தில் நானே தப்பு செய்தவன். முதல் குளிர்காலத்தில் ஆறிவிட்டது என்று நினைத்து சாம்பலை அட்டைப் பெட்டியில் கொட்டி மரத் தாழ்வாரத்தில் வைத்தேன். மறுநாள் காலை பெட்டிக்கு அடிப்பாகம் இல்லை, பலகையில் தட்டு அளவு கருகல். சாம்பலுக்குள் கங்கு நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளி, கட்டடத்தை விட்டுத் தள்ளி. அந்தக் கருகல் வட்டத்தைக் காட்டித்தான் இன்னும் புதியவர்களுக்குப் பாடம் எடுக்கிறார்களாம்.

குழாயை ராத்திரி சொட்ட விடச் சொல்கிறார்கள். தண்ணீர் வீண் இல்லையா?

குழாய் வெடித்தால் வீணாவது இன்னும் அதிகம். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரியும். மெல்ல ஓடிக்கொண்டிருந்தால் உறைவது தாமதப்படும், அழுத்தமும் சேராது. சிங்குக்குக் கீழுள்ள அலமாரிக் கதவையும் திறந்து வையுங்கள். உறைந்தே விட்டால் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஹேர் டிரையரால், குழாய்வாய்ப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். தீப்பந்தம் மாதிரி எதையும் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள்.

படியில் உப்புப் போட்டும் கட்டி கரையவில்லை.

சாதாரண உப்பு மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய பயனில்லை. கால்சியம் குளோரைடு இன்னும் தாழ்ந்த குளிரிலும் வேலை செய்யும். அதுவும் இல்லையென்றால் மணல், கரைக்காது, ஆனால் கால் பிடிக்கும்.

போன் சார்ஜ் 40 சதவீதத்தில் அணைந்துவிடுகிறது.

உள் பாக்கெட்டில், உடம்போடு வையுங்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த போனை உடனே சார்ஜில் போடாதீர்கள், பேட்டரி கெடும்.

இருட்டும் தனிமையும் பயமாக இருக்கிறது. அறையையும் பகிர வேண்டுமாம்.

தனிமை கிடைக்காததுதான் அங்கே பிரச்சினை. நான்கு பேர் ஒரு அறையில், ஒருவர் குறட்டை, ஒருவர் நள்ளிரவில் பை ஜிப்பைத் திறந்து மூடுவார். காதடைப்பான் வாங்குங்கள். சண்டை பெரும்பாலும் ஈரத் துண்டை எங்கே போடுவது என்பதில்தான் வரும், முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

இருட்டு வேறு. வடக்கே 60 டிகிரி அட்சரேகையில் டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணி நேரம்கூட இருக்காது. மதிய இடைவேளையில் படுக்காமல் பதினைந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டம் இல்லை, எழவே முடியவில்லை என்றால் சோம்பல் என்று உங்களைத் திட்டிக்கொள்ளாமல் மருத்துவரிடம் பேசுங்கள். 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) தரும் விளக்கு முன் காலையில் உட்காரும் சிகிச்சை பலருக்கு உதவுகிறது.

கையெழுத்து போடும்முன் என்ன கேட்கணும்?

தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிப்பார்கள், குழு வராத வாரத்துக்குச் சம்பளம் உண்டா, ராத்திரி அழைப்புப் பணி வேலை நேரத்தில் சேருமா, விபத்துக் காப்பீடு யாருடையது. கடைசியில், உலர்த்தும் அறை எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

வீட்டு ஞாபகத்தில் ராத்திரி அழும் குழந்தையை என்ன செய்வது?

“அழாதே” என்று சொல்லாதீர்கள். “நாளைக்குச் சரியாகிடும்” என்பதும் அந்த நேரத்தில் எடுபடாது. நான் உலர்த்தும் அறைக்குக் கூட்டிப் போய், “இதில் ஈரமாக இருப்பதை மட்டும் தனியாக எடுத்துத் தருகிறாயா?” என்பேன். ஒவ்வொரு கையுறைக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்து, இது காய்ந்திருக்கு, இது காயலை என்று பிரித்துக்கொண்டே வருவார்கள். பத்துப் பதினைந்து ஜோடியில் கொட்டாவி வந்துவிடும்.